படத்தில் கொட்டாவி இல்லை

ஜூன் 12, வியாழன்

கச்சான் காற்று, கடலிலிருந்து பலமாக. காயப்போட்ட சாரமும் சட்டையும் பக்கத்து வேலியில். மூக்குக்கண்ணாடிக்கு ஆணி இறுக்க வேண்டும்.

வாசகர் வட்டம் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின். இம்முறை புத்தகம் இல்லை. ஹெரோயின் அடிமை ஒருவனைப் பற்றிய அந்தப் புதுப் படம். கற்பிட்டி முழுவதும் கைபேசியில் பார்த்துவிட்டது. தொகுப்புரை, பழைய வாத்தியார் என்பதால், நான். மறுத்திருக்கலாம். மறுக்கத் தெரியாது.

இரண்டாம் முறை பார்த்தேன், குறிப்பெடுத்தபடி. ஒளிப்பதிவு சிறப்பு. மழை, சிவப்பு விளக்கு, ஈரத் தெரு. இசை அதிகம். வெள்ளைக் கோட்டுடன் ஹெரோயின் குடு இழுக்கிறான் நாயகன். நகை விளம்பரம் போல இருக்கிறது. பிறகு முதலாளியின் மேசை லாச்சியைத் திறந்து காசையெல்லாம் வழித்தெடுக்கிறான். சுடப்பட்டுச் சாகிறான்.

அந்த லாச்சிதான் எனக்கு வில்லங்கம். மகன் நவாஸ் அதே பழக்கத்துக்குச் சிகிச்சை முடித்து வந்து சில மாதம். வெங்காயக் கடை ஹாஜியார் வேலை தருவதாகப் பெருநாளுக்கு முன் சொல்லியிருந்தார். இன்று பள்ளிவாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், நான் பாத்த முதல் படம் அது. மகன்மார் காட்டினாங்க. பயந்துட்டேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் என்ன சொல்றீங்க எண்டு கேட்டுட்டு முடிவு சொல்றேன்."

ஒரு படத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார். சிரிப்பு வரவில்லை. வேலை இல்லையென்றால் நவாஸ் கொழும்புக்குப் போவான். அங்கே பழைய கூட்டாளிகள்.

ஜூன் 13, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பின் கருத்துச் சேகரிப்பு. முறையாகச் செய்தால் பயம் குறையும்.

சலூன்காரர்: "சுப்பர் படம் சேர். அந்த மாதிரி முடி வெட்டச் சொல்லி வந்துட்டானுகள்."

பாமசிக்காரர் (மருந்துக் கடை): "முக்கால்வாசி பொய். கோட்டு நல்லம்."

ஆசிரியை ஒருவர்: "பிள்ளைகளுக்குக் காட்டவே கூடாது." அவரே இரண்டு தடவை பார்த்திருக்கிறார்.

த்ரீவீல் ஓட்டுநர்: "கடைசில செத்தான் தானே, அதுதான் சரி. குடுக்காரன் எங்க சேர் திருந்தினான்?" சொன்ன பின் என் முகத்தைப் பார்த்தார். "உங்கட மகன சொல்லல்ல." தேநீருக்கு அவரே காசு கொடுத்தார்.

வீட்டில் மனைவி ஸபீனா, மீன் வெட்டிக்கொண்டே: "அந்தப் புள்ளைக்கி உம்மா இல்லையா? முழுப் படத்துலயும் ஒருத்தர் கூட சாப்பிட்டியா எண்டு கேக்கல்லயே."

இதுவரை கிடைத்ததில் முதல் தரம்.

நவாஸிடம் கேட்கத் தயக்கம். அவனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவனே, "என்ன வாப்பா, என்ட மார்க்கும் வேணுமா?"

"சொல்லேன்."

"கொட்டாவி இல்ல."

விளங்கவில்லை.

"நிப்பாட்டினா முதல்ல வாறது கொட்டாவி வாப்பா. வாய் மூட ஏலாது. பொறகு மூக்கு ஒழுகும், வயித்தால போகும். இவன் வேர்த்துக்கிட்டு கண்ணாடிக்கு முன்னால ஸ்டைலா நிக்கிறான்."

ஜூன் 14, சனி

உரை நான்கு பக்கம். கிழித்தேன். ஒன்றரைப் பக்கம்.

சாரம் இதுதான். படம் அழகு. அழகுதான் குறை. மரணம் இயக்குநருக்கு வசதி. உயிரோடு விட்டால் மறுநாள் காலை அவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்க வேண்டும்.

மகனுக்காகச் சொல்கிறேனா, படத்துக்காகவா? மறுபடி வாசித்தேன். யாருடைய மகனானாலும் இதையே எழுதியிருப்பேன். கருத்தில் சந்தேகமில்லை. குரலில்தான்.

பெருநாள் இறைச்சி முடிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

மண்டபம் நிறைந்தது, புத்தகத்துக்கு இப்படி வந்ததில்லை. ஹாஜியார் முன் வரிசை. நவாஸ் கதவடியில். ஒன்றரைப் பக்கம்தான் என்று அறிவித்தேன்.

வாசித்தேன். முதல் பத்தியில் அவசரம். பிறகு இல்லை. கொட்டாவி என்றபோது பாமசிக்காரர் தலையாட்டினார்.

முடிந்ததும் ஹாஜியார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் திரும்பினார்.

"நவாஸ், நீ சொல்லு. படத்துல காட்டின மாதிரி தானா?"

"இல்ல ஹாஜியார். அதுல அழகா இரிந்திச்சி."

ஹாஜியார் கதிரையையும் அவன் பக்கம் திருப்பினார்.

"அந்த லாச்சி?"

"அது உண்மை. நான் தொறந்தது உம்மாட அலுமாரி."

நான் தரையைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

ஹாஜியார் தாடியைத் தடவினார். "எனக்கு அந்தப் படத்துல முதலாளியத்தான் பிடிக்கல்ல. லாச்சித் திறப்பக் குடுத்துட்டு கப்பல்ல போய் கூத்தாடுறான். வியாபாரி எண்டா கடையில இருக்க வேணாமா?" கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கி வா. என்ட கதிரைக்குப் பக்கத்துல நீ உக்கார இன்னொரு கதிரை போடுறேன். திறப்பு இப்ப இல்ல."

"ஓம், ஹாஜியார்."

த்ரீவீல்காரர் பின்னாலிருந்து, "சேர், உங்கட ஒன்றரைப் பக்கத்த விட இது நல்லம்!" அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

திறப்பு, அந்த லாச்சிச் சாவி, இப்போது இல்லை. சரியான தீர்ப்பு. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எல்லோர் முன்னாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது.

ஜூன் 16, திங்கள்

காற்று சற்றுக் குறைவு. ஸுபஹுக்குப் பின் பாணும் சம்பலும் சாப்பிட்டு நவாஸ் போனான்.

பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை. லுஹர் தொழுகை முடிந்து நெடுநேரம். ஸபீனா: "ஒருக்கா கடைப் பக்கம் பாத்துட்டு வாங்களேன்."

சட்டையைப் போட்டேன். வாசல் படலை வரை போனேன். வேவு பார்க்கப் போவது போலிருந்தது. திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவனுடைய சோற்றை மூடி வைக்கச் சொன்னேன்.