மாப்பிள்ளை பார்ப்பதுபோல் விசாரித்துப் போட்ட பணம்

என் அருமைச் சங்கரா,

நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை எனக்கு. கரமனைத் தெருவில் மேலும் கீழும் நடக்கிறேன். நடந்தால் தீருகிற விஷயமா இது?

சாலைக் கடைத்தெருவில் நாம் பணம் போட்டோமே, அந்தப் பைனான்ஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள். போன மாதம் ஒண்ணாம் தேதி வழக்கம்போல் வட்டி வாங்கப் போனேன். கதவில் பூட்டு. "சாரே, முதலாளி போயி," என்றான் காவல்காரன். எங்கே என்று கேட்டதற்குக் கையை விரித்தான்.

பாங்கில் கொடுப்பதைப்போல் இரண்டு பங்கு வட்டி என்று நான்தானே குதித்தேன்! "அவ்வளவு வட்டி குடுக்க அவன் என்னடா வியாபாரம் பண்றான்?" என்று நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விசாரிக்காமல் போடுகிற ஆளா நான்? முதலாளிக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், தாத்தா காலத்தில் இங்கே வந்த குடும்பம், கோயிலுக்குப் போகாமல் காபி குடிக்க மாட்டான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் எல்லாம் விசாரித்தேன். கணக்கைக் காட்டு என்று மட்டும் கேட்கவில்லை. நம்மவனிடம் அதைக் கேட்பது மரியாதையில்லை என்று பட்டது. மலையாளத்து ஊரில் நம் பாஷை காதில் விழுந்தால் போதும், பர்ஸைத் திறந்துவிடுகிறோமே, அது ஏன்?

நீ அப்புறம் வாதாடவில்லை. மறுநாளே ஐயாயிரம் போட்டாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

நேற்று உன் மங்களம் வந்தாள். உன் கிராஜுவிட்டி செக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எதில போடலாம் ரமணி அண்ணா?" என்றாள். யாரிடம் வந்து கேட்கிறாள் பார்! எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பெனி மூடியதைச் சொன்னேன். உன் ஐயாயிரம் போனது என்னால்தான் என்றும் சொன்னேன்.

அவள் அசரவில்லை. "அது திரும்பி வராதுன்னு அவருக்கு அன்னிக்கே தெரியும் அண்ணா. பின்னே ஏன் போட்டேள்னு சண்டை பிடிச்சேன். 'நான் போடலேன்னா ரமணி என்னோட பேசறதை நிறுத்திடுவான்'னார்."

நான் அப்படிப்பட்டவனா சங்கரா? ஆமாம், அப்படித்தான். ஒரு மாதமாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேனே! என் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கக் கூடாதா? உன் ஐயாயிரம் இருக்கட்டும், ரிடையரானபோது வந்த என் பிராவிடண்ட் பண்டு மொத்தமும் அதில்தானேடா போயிற்று! தெரிந்தும் பேசாமல் இருந்தாயே. உன்மேல் கோபப்படுவதா, உன்னை நினைத்து அழுவதா, தெரியவில்லை.

இன்று மங்களத்தைப் போஸ்ட் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். வட்டி குறைச்சல்தான். பாதியை அங்கே போட்டு, மீதியைப் பாங்கில் போட்டோம். இரண்டு இடத்திலும் நான் கேட்ட கேள்விகளில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மங்களத்துக்கே கூச்சமாகிவிட்டது.

ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். நாளை அவள் தப்பான இடத்தில் பணத்தைப் போடப் போனால் வாசலில் குறுக்கே நிற்பேன். அவள் ஆயுசுக்கும் என்னோடு பேசாவிட்டாலும் சரி. உன்னைப்போல் நல்லவனாக மட்டும் இருக்க மாட்டேன்டா.

உன் கூடப்பிறக்காத அண்ணன்,
ரமணி