திங்கட்கிழமைக்குள் ஒரு லினக்ஸ் லப்டொப்

யூலை 7, திங்கள்

கச்சான் காற்று. கொடியில் போட்ட மகள் மிதுவின் பள்ளிக்கூடச் சட்டை புழுதியில் விழுந்து, இரண்டாம் தரமும் தோய்த்தேன். பஸ் தவறியது.

கந்தோரில் எல்லாருக்கும் ஒரே கடிதம். துறைமுகக் கிளையை மாத முடிவோடு மூடுகிறார்கள். வேலை வேண்டுமென்றால் கொழும்பு. வருவதா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு வருடமாகக் கப்பல் கடதாசி அடித்தவளுக்கு, அவர்களின் கணினி படுக்கும்போதெல்லாம் எழுப்பிக் கொடுத்தவளுக்கு, அரைப் பக்கம்.

மிதுவுக்கு ஏழு வயது. கொழும்பென்றால் நான் விடுதியில், அவள் இங்கே மாமியோடு. சனி ஞாயிறில் வந்து பார்க்கலாமாம். "ரெயின் இருக்குத்தானே" என்கிறார் மனேஜர். அந்த ரெயினில் அவரைத்தான் ஏற்றி அனுப்ப வேண்டும்.

மத்தியானம் இன்னொரு கடிதம், மின்னஞ்சலில். வீட்டிலிருந்தபடி சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு எழுதிப் போட்டிருந்தேன். இரண்டு சுற்றும் தேறிவிட்டேன்! கடைசிச் சுற்று வரும் திங்கள், காலை ஒன்பதுக்கு. மூன்று மணித்தியாலம். பழுதான சேர்வர் ஒன்றை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கத் திருத்த வேண்டும். நிபந்தனை:

- சொந்தக் கணினி
- அதில் லினக்ஸ்
- தூக்கிக்கொண்டு போகக்கூடியது (கரண்ட் போனால் எழும்பி வேறிடம் போய் வேலை செய்ய வேண்டுமாம்)

என்னிடம் இருப்பது மேசைக் கணினி. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை ஏற்றி, முழுக்க அதில் படித்ததுதான். தூக்கலாம், ட்ரக்டர் இருந்தால்.

மிதுவின் அப்பா ரமணனிடம் சொன்னேன் (இனி ர., எழுதக் கை வலிக்கிறது). படகு எஞ்சின் திருத்துகிற மனுசன். கணினி என்றால் பத்தடி தள்ளி நிற்பார். "எடுப்பம்" என்றார். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. நல்ல மனுசன்தான், சில நாட்களில்.

யூலை 8, செவ்வாய்

இன்னும் காற்று. தேங்காய் இல்லை, வாங்க வேண்டும்.

மாமிக்குத் தெரிந்துவிட்டது. "ஏன் பிள்ளை கடை கடையா அலையிறாய்? பெரியவன் அனுப்பினது இருக்குத்தானே!"

பெரியவன் என்றால் ர.வின் அண்ணன், கனடாவில். போன வருடம் அனுப்பிய லப்டொப்பை மாமி அலுமாரிக்குள் பட்டுச் சேலைக்குக் கீழே வைத்திருக்கிறார். வெள்ளி நிறம், கத்தி மாதிரி மெல்லிசு. பொலித்தீன் உரிக்கவும் விடவில்லை. "இருக்கட்டும், ஊத்தை பிடிக்காது."

என் பென் ட்ரைவுக்குள் முழு லினக்ஸும் இருக்கிறது. குத்தி எழுப்பினால் கணினியின் டிஸ்க்கைத் தொடாமலே ஓடும். ஒத்து வருமா வராதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சோதித்தேன்.

வைபை: இல்லை. கண்ணுக்கே தெரியவில்லை.
சத்தம்: இல்லை.
மூடித் திறந்தால்: எழும்பாது. செத்த மாதிரி.
திரை: இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் உறைகிறது. மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும்.

அழகு மட்டும் பத்துக்குப் பத்து.

மாமி: "அவன் பார்த்துப் பார்த்து வாங்கினது. உன்ர அந்தக் குச்சியிலதான் பிழை."

"மாமி, இது விண்டோஸுக்கு நல்லது. எனக்கு லினக்ஸ் வேணும்."

"அதென்ன அது, ஊரில ஒருத்தரும் பாவிக்காத சாமான்?"

பிறகு என்னோடு கதையில்லை. சோற்றை மட்டும் டக்கென்று வைத்தார். எனக்கும் கோபம்தான். அந்த உறைகிற திரையை நம்பித் திங்கட்கிழமை குந்த ஏலாது. அந்த மூன்று மணித்தியாலத்தில்தான் மிது இருக்கிறாள்.

யூலை 9, புதன்

வெயில். கந்தோரிலிருந்து ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டு டவுனில் நாலு கடை.

கடை 1: "பென் குத்த ஏலாது மிஸ், வைரஸ் வந்திடும்." வைரஸுக்குப் பயந்து பென்னைக் குத்த விடாதவர், அதே மேசையில் ஊரார் போனெல்லாம் குத்திப் பாட்டு ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கடை 2: "மிஸ்டர் வரேல்லையோ? அவரோட வாங்கோ, விளக்கமாச் சொல்லுறன்." எங்கட மிஸ்டருக்கு விளக்கமாய்ச் சொல்லவாம்! வந்த சிரிப்பில் கோபிக்கவும் மறந்துபோனேன்.

கடை 3: "லினக்ஸா? அது என்ன மொடல்?"

கடை 4 பாவம், விட்டது. வைபை சரி, சத்தம் சரி. மூடித் திறந்தேன், எழும்பவில்லை. பெடியனின் முகம் கறுத்துப்போனது, நான் உடைத்துவிட்டேன் என்று. பவரை அமத்திப் பிடித்து எழுப்பிக் காட்டின பிறகுதான் மூச்சு விட்டான்.

கால் வலி. பத்துப் பேர் பார்க்க மூடி மூடித் திறந்து பார்த்தால் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும்.

யூலை 10, வியாழன்

அரை நாள் லீவு. பஸ்ஸில் பாலம் தாண்டிக் கிண்ணியா. நவாஸ் நானாவின் கடை (அங்கே அண்ணனை நானா என்பார்கள்). துபாய்க் கம்பனிகள் கழித்த பழைய லப்டொப்புகளை மொத்தமாய் எடுத்து விற்கிறவர். விசைகளில் அரபு எழுத்து. எனக்கென்ன, பார்க்காமல் அடிக்கிறவள்.

"பென் குத்திப் பாக்கலாமா நானா?"

"குத்துங்க தங்கச்சி. எல்லாத்துலயும் குத்துங்க. நீங்க பாத்து எடுத்தாத்தான் நாளைக்கி எனக்கிட்ட சண்டைக்கி வரமாட்டீங்க."

இந்த மனுசனுக்குச் சிலை வைக்க வேண்டும்.

ஏழு பார்த்தேன். சுருக்கம்: மூன்றுக்குப் பற்றரி அரை மணித்தியாலமும் நில்லாது. இரண்டு செங்கல் கனம். ஒன்று திரையில் கோடு. கடைசி ஒன்று மூலையில், தூசிக்குள். கறுப்பு, இலேசு. வீட்டில் எழுதிக் கொண்டுபோன பட்டியலில் முதலாவது மொடல்! லினக்ஸ்காரர் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று சொல்கிற மொடல். கை தானாக நீண்டது.

"அதத் தொடாதீங்க," என்றார் நானா. "நாலு பேரு கொண்டு போய்த் திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க."

ஏன் என்று எழுப்பினதும் தெரிந்தது. பென்னிலிருந்து எழும்பக் கடவுச்சொல் கேட்கிறது. பழைய கம்பனி, வேலையாட்கள் கண்டதையும் குத்தக்கூடாதென்று போட்ட பூட்டு. கழித்தபோது டிஸ்க்கைத் துடைத்தார்கள், பூட்டைக் கழற்ற மறந்துவிட்டார்கள். நானாவிடம் வாங்கின பில் இருக்கிறது, கடவுச்சொல் இல்லை. துபாய்க்கு இரண்டு தரம் கேட்டும் பதில் இல்லையாம். உதிரிப் பாகத்துக்கு உடைக்கத்தான் வைத்திருக்கிறார்.

முழுப் பாலமும் வாய்க்குள் பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீற் மனுசி ஒரு மாதிரிப் பார்த்தார்.

சாப்பிடும்போது ர.விடம் கொட்டித் தீர்த்தேன். மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்களுக்கும் அப்பிடித்தான். போட் கரையில ஏறிக் கிடந்தா எஞ்சினை அதில வச்சுப் பாக்க ஏலாது. கழட்டிக்கொண்டு போய் வேற போட்டில வச்சு ஓட்டிச் சரிப்பண்ணிப்போட்டு, திரும்பக் கொண்டுவந்து பூட்டுவம்."

பிடித்த சோற்றுக் கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தேன். பிறகு கத்தினேன். மிது பயந்து எழும்பிவிட்டாள்.

பூட்டு பென்னுக்குத்தான்! தன் சொந்த டிஸ்க்கை அந்த இயந்திரம் ஒரு கேள்வியும் கேட்காது. டிஸ்க்கைக் கழற்று. வேறு லப்டொப்பில் போடு. அதில் லினக்ஸை ஏற்று. திரும்பக் கொண்டுவந்து பொருத்து.

"நான் எஞ்சினைத்தான் சொன்னனான்," என்கிறார் ர.

யூலை 11, வெள்ளி

கிண்ணியா போக முடியாது. கந்தோர் நாள், அதோடு நானா ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கடை திறப்பதில்லையாம், போனில் சொன்னார். நாளைதான். நாளை விட்டால் ஞாயிறு ஒன்றுதான்.

மூன்று மணிக்கு மனேஜர் தாளை நீட்டினார். கொழும்பு வருவதென்றால் ஒரு பெட்டி, வரவில்லையென்றால் மற்றப் பெட்டி. மற்ற எல்லாரும் முதலாவதில் போட்டிருக்கிறார்கள். பேனையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. வரவில்லை என்றதில் போட்டேன்.

"யோசிச்சனீங்களா?" என்றார்.

"ஓம்," என்றேன். பொய்.

லப்டொப் கையில் இல்லை. பரீட்சை முடியவில்லை. இருந்த வேலையும் போச்சு. வீட்டுக்கு வந்து ர.விடம் சொன்னபோது அவருடைய முகம் ஒரு நிமிடம் வெளிறியது. பிறகு, "விடிய மோட்டச்சைக்கிளில போவம்" என்றார். பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன். குறையவில்லை.

யூலை 12, சனி

எட்டரைக்கே நானா கடை. ர. வெளியில் பெட்டிக்கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு.

திருகாணி ஏழு. டிஸ்க் என் சுண்டுவிரல் அளவு. பக்கத்து லப்டொப்பில் போட்டு ஏற்றினேன். திரும்பக் கழற்றிக் கறுப்பியில் (அந்தக் கறுப்பு லப்டொப்தான், பெயர் வைத்துவிட்டேன்) பொருத்தினேன். எழுப்பினேன்.

'எழுப்ப ஒன்றும் இல்லை' என்று வந்தது.

திரும்ப முதலிலிருந்து. திரும்ப அதே வசனம். மத்தியானமாகிவிட்டது. நானா தொப்பியைப் போட்டார். "லுஹர் தொழுதிட்டு வாரன். கடையக் கொஞ்சம் பாத்துக்குங்க தங்கச்சி." எழும்பிப் போயே விட்டார்! கல்லாப்பெட்டியும் திறந்தபடி. ஒருவர் வந்து சார்ஜர் கேட்டார். விற்றேன். விலை அவருக்கே தெரிந்திருந்தது. மிச்சக் காசை எண்ணிக் கொடுக்கவும் மனேஜர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

அந்த ஆள் போன பிறகுதான் மண்டையில் அடித்தது. கணினி எழும்ப இரண்டு முறை உண்டு, பழைய முறை, புதிய முறை. நான் ஏற்றப் பாவித்த பக்கத்து லப்டொப் பழைய முறையில் கிடக்கிறது. கறுப்பி புதிய முறையை மட்டும்தான் பார்க்கும். பதினொரு வருடம் மற்றவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே... கழுதை நான்!

மாற்றினேன். மூன்றாம் தரம் ஏற்றினேன். நானா திரும்பி வந்து, ர.வும் உள்ளே வந்து, இரண்டு பேரும் என் தோளுக்குப் பின்னால். பட்டனை அமத்தினேன். கறுப்பு. கறுப்பு. கறுப்பு.

எழும்பியது!

வைபை ✓ சத்தம் ✓ கமெரா ✓ வெளிச்ச விசை ✓ பற்றரி ஐந்து மணித்தியாலம் ✓
மூடித் திறந்தேன் ✓ மூடித் திறந்தேன் ✓ மூடித் திறந்தேன் ✓

"அல்லாஹ்!" என்றார் நானா. "நாலு ஆம்புளையள் திருப்பிக் கொண்டு வந்த சாமான்!" உதிரிப் பாக விலைக்கே தந்தார். வெளிக்கிடும்போது மெல்லமாய், "தங்கச்சி, உள்ளுக்கு இன்னும் ஆறு பூட்டினது கிடக்கு. லீவு நாளில வாரீங்களா?"

மோட்டார்சைக்கிளில் பாலத்தில் வரும்போது லப்டொப்பைக் கைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு, காற்றுக்கு வாய் திறந்து கத்தினேன். ர. திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காது சிவந்திருந்தது.

யூலை 13, ஞாயிறு

இறால் கறி. கறுப்பியில் எல்லாம் ஏற்றி முடித்தேன், தமிழ் விசைப்பலகையும்.

மாமி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எனக்கு மனம் கேட்கவில்லை. வெள்ளி லப்டொப்பை எடுத்து, அதன் விண்டோஸில் வீடியோ அழைப்பு ஏற்றி, கனடா அண்ணனோடு மாமியைக் கதைக்க வைத்தேன். ஒரு துளி உறையவில்லை. "தம்பி, என்ன மெலிஞ்சு போனாய்!" ஒன்றேகால் மணித்தியாலம். முடிந்ததும் தானே பொலித்தீனை உரித்தார். பெரிய இறாலெல்லாம் எனக்குத்தான்.

யூலை 14, திங்கள்

கந்தோருக்கு லீவு. ஒன்பதுக்குத் தொடங்கியது. கேள்வி கேட்டவருக்குப் பொறுமையான குரல். சேர்வர் படு நாசம். வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்கள். பாதி கண்டுபிடித்துவிட்டேன், பத்து இருபதுக்குக் கரண்ட் கட்.

வைபை செத்தது. கறுப்பிக்குப் பற்றரி இருக்கிறது, போனில் இன்டர்நெட் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. லப்டொப்பை மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் குந்தித் திறந்தேன். கண் இமைக்கமுன் எழும்பியது. விட்ட வரியிலேயே நின்றது.

"நீங்கள் இப்போது எங்கே?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"வெளியில். கரண்ட் போய்விட்டது. தொடரலாமா?"

சிரித்தது போல இருந்தது. காற்று தலைமயிரை வாயில் அடிக்க, மாமி பக்கத்தில் குடை பிடிக்க, முடித்தேன். இருபது நிமிடம் மிச்சம்! மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் முடிந்ததும் குடையை விட்டுவிட்டுக் கை தட்டினார். குடை பக்கத்து வளவுக்குள்.

பதில் நாளைக்காம்.

யூலை 15, செவ்வாய்

காற்று இல்லை. கந்தோரில் கோப்புகளைப் பெட்டியில் அடுக்கினோம். பதினொன்றேகாலுக்கு மின்னஞ்சல். மூன்று தரம் வாசித்தேன். ஒன்றாம் திகதியிலிருந்து. வீட்டிலிருந்து. எடுத்திருக்கிறார்கள்! பெட்டிகளுக்கு நடுவில் நின்று துள்ளினேன். மனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, எனக்கு வேலை கிடைச்சிட்டுது."

"எங்க?"

"எங்கட வீட்டில."

ர.வுக்குப் போன். எஞ்சின் சத்தத்தில் "என்னது? என்னது?" பிறகு எஞ்சினை நிற்பாட்டினார். மூக்கு உறிஞ்சுவது கேட்டது.

மிது பள்ளிக்கூடத்தால் வந்ததும் சொன்னேன். ஒரு கிழமையாய் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"அம்மா கொழும்புக்குப் போகேல்ல."

"எனக்குத் தெரியும்," என்றாள், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. "நீங்க போனா ஆர் எனக்குத் தலை இழுத்து விடுறது? ஆனா, போனாலும் எண்டு அப்பம்மாவிட்டத் தலை பின்னப் பழகினனான். ஒரு பக்கம் வருது. மற்றப் பக்கம்தான் இன்னும் வரேல்ல."

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவி, சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, "இஞ்ச வா" என்றேன்.