சிவப்புப் பொட்டு வைத்த பேணி

மேசையில் உங்கள் பேணி பாதித் தேத்தண்ணியோடு ஆறிப்போய் இருக்கிறது. என் அண்ணன் இப்போதுதான் விறுக்கென்று எழுந்து போனார். நீங்கள் இறந்துபோன செய்தியைச் சொன்னதும், "நல்ல மனிசன், பாவம்" என்று நாக்கூசாமல் சொன்னார். அதற்குப் பிறகு நான் செய்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எண்பதுகளின் நடுப்பகுதி. பரிஸ் லாச்சப்பலில், ரூ காய் தெருவில், ஐந்தாம் மாடி. ஒரு அறை, ஒரு குசினி. வீடு அண்ணன் பெயரில். அறையில் அண்ணனோடு நீங்களும் ஒரு மன்னார்க்காரரும் மெத்தை போட்டுப் படுப்பீர்கள். எனக்குக் குசினித் தரை. உங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை. அந்தக் கதவை விட்டால் பரிஸில் உங்களுக்கு வேறு முகவரி கிடையாது. அப்படி இருந்தும் உங்கள் வாய் சும்மா இருக்காது. "தங்கச்சி, உன்ரை ரசம் இஞ்சத்தையான் மழை மாதிரி. தண்ணி மட்டும்தான்" என்பீர்கள். நான் அகப்பையைத் தூக்குவேன்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கஃபேயில் நீங்கள் ஒரு பிரெஞ்சுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்ததை மன்னார்க்காரர் கண்டுவிட்டார். வந்து அண்ணனிடம் வத்திவைத்தார். அண்ணன் கேட்டார். "ஓம், உண்மைதான்" என்றீர்கள். அவ்வளவுதான். மறுநாள் காலை அண்ணன் என் நகப்பூச்சை எடுத்து, உங்கள் பேணியின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். கழுவிக் கவிழ்த்து வைத்தால் எது உங்களுடையது என்று தெரிய வேண்டுமாம். ஊரில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் 'அந்த ஆக்களுக்கு' என்று ஒரு பேணி தனியாகத் தொங்கும். குண்டுக்குப் பயந்து ஓடி வந்தபோது உடுப்புக்கூட ஒழுங்காக எடுத்து வரவில்லை. இந்த ஊத்தைப் புத்தியை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தோம்.

அந்த ஞாயிறு மத்தியானம் ஆட்டுக்கறிச் சோற்றைத் தின்றுவிட்டு உங்களை நடுவில் இருத்தி விசாரித்தார்கள். இது எங்கிருந்து வந்தது என்பதுதான் வழக்கு. நான் குசினியில் இரவுக் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டு எல்லாம் கேட்டேன்.

"இது வெள்ளைக்காரன்ரை பழக்கம். எங்கடை சனத்திட்டை இல்லை" என்றார் அண்ணன்.

"நான் பள்ளிக்கூடத்துக்குப் போற காலத்திலேயே இப்பிடித்தான். அப்ப நான் ஒரு வெள்ளைக்காரனையும் கண்டதில்லை" என்றீர்கள். "வெள்ளைக்காரன் எங்களிட்டைக் கொண்டந்தது இதைக் குற்றமாக்கிற சட்டத்தை. அவன் போயிட்டான், நாங்கள் சட்டத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறம்."

"அப்ப பிரெஞ்சுக்காரன் தங்கமோ?"

"ஆர் சொன்னது? சட்டத்தை விட்டிட்டான், நக்கலடிக்கிறதை விடேல்லை. நான் கோப்பை கழுவுற இடத்திலை குசினி முதலாளியின்ரை பகிடியைக் கேட்டால் உங்களுக்கு உங்கடை ஆள் மாதிரியே கிடக்கும்."

மன்னார்க்காரர் வேதாகமத்தில் பாவம் என்று கிடக்கிறது என்றார். பிறகு, பெண் வாடையே இல்லாத அறையில் கிடந்து கிடந்து வந்திருக்கும் என்றார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அப்பிடியெண்டால் பக்கத்து மெத்தையிலை கிடக்கிற உங்களுக்கும் வந்திருக்க வேணுமே!" குசினியில் எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அதுதான் அண்ணனுக்கு என்னை ஞாபகப்படுத்தியதோ தெரியாது.

"எங்கையிருந்து வந்தால் என்ன, மருந்து ஒண்டுதான். கலியாணம்" என்றார். நாடியைத் தூக்கிக் குசினிப் பக்கம் காட்டினார். "இவள் இருக்கிறாள். கட்டினால் எல்லாம் சரியாப் போயிடும். இல்லையெண்டால் இண்டைக்கே பெட்டியைக் கட்டுங்கோ."

கத்தியோடு அப்படியே வாசலுக்கு வந்துவிட்டேன். நாள் முழுக்க உங்களை அண்ணை என்று கூப்பிட்ட வாய் இது. "அவர் குடிக்கிற பேணியைத் தொட மாட்டியள். அவருக்கு என்னைக் கட்டித் தருவியளோ?" என்று கேட்டேன். "நீ வாயை மூடு" என்றார் அண்ணன். உங்களைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்த மனிதருக்கு, சொந்தத் தங்கச்சி பழந்துணியாகத் தெரிந்தாள்.

நீங்கள் ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வீடு, முகவரி, மரியாதை எல்லாம் கிடைத்திருக்கும். என்னையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் எழுந்து உங்கள் தட்டைக் கழுவி வைத்தீர்கள். "ஒரு பிள்ளையின்ரை சீவியத்தை மருந்தாக் குடிக்கிற அளவுக்கு எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை" என்றீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குளிரில் படியிறங்கிப் போனீர்கள். பேணியைக் குப்பையில் போடச் சொன்னார் அண்ணன். நான் என் உடுப்புப் பெட்டிக்குள் போட்டேன்.

பிறகு உங்களுக்கும் அகதி விசா கிடைத்தது. பரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் வீடு எடுத்து, அந்தக் கஃபே மனிதரோடேயே கடைசிவரை வாழ்ந்தீர்கள். போன கிழமை அவர்தான் தொலைபேசியில் அழுதார். நான் எனக்குப் பிடித்தவரைக் கட்டினேன். என் கலியாணத்தில் முன்வரிசையில் இருந்து, "ரசம் வைக்கத் தெரியாத பிள்ளை, பார்த்துக்கொள்ளுங்கோ" என்று மாப்பிள்ளையிடம் கோள் சொன்னது நீங்கள்தான்.

இன்று அண்ணன் "நல்ல மனிசன்" என்றதும், அவர் கையில் இருந்த பேணியைத் தூக்கி அடியைப் பார்க்கச் சொன்னேன். பூச்சு உரிந்து கொஞ்சம்தான் மிச்சம், ஆனால் சிவப்பு தெரியும். பார்த்தார். முகம் கறுத்தது.

"இதிலை எனக்கு எத்தினை தரம் தேத்தண்ணி தந்திருப்பாய்?"

"நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த நேரமெல்லாம்."

கைலேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்தார். இத்தனை வருசம் ஒன்றும் ஆகாத வாயை, நீங்கள் மண்ணுக்குள் போன பிறகு, அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

இது எங்கிருந்து வருகிறது என்று அன்று உங்களை இருத்திக் கேட்டார்களே. அந்தக் கைலேஞ்சியைப் பார்த்தபோது நானும் அதையேதான் எனக்குள் கேட்டேன், அவரைப் பற்றி.

ஆறின தேத்தண்ணியைக் கொட்டிவிட்டேன். தண்ணி கொதிக்கிறது. எனக்கு இந்தப் பேணியிலேயே ஒரு தேத்தண்ணி போடப் போகிறேன், அண்ணை.