பதினோரு வேலைகளும் ஒரு பிரேக்கும்

11 ஜூன் 1994, சனி

சேலத்திலிருந்து திரும்பி ஒரு மணி நேரம் ஆகிறது. கோபம் இன்னும் இறங்கவில்லை.

வேன் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டதே என்று, வாங்கிய ஷோரூமிலேயே சர்வீஸுக்கு விடப் போனேன். ஆயில் மாற்றினால் போதும் என்றேன். டை கட்டிய மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். பதினோரு வேலை! என்ஜினுக்குள் கரி சுரண்டுவது, அடித்தகட்டுக்குக் கருப்புப் பூச்சு, ஏதோ மருந்து ஊற்றி என்ஜினைக் கழுவுவது, பிரேக் லைனிங் மாற்றுவது... கல்யாணச் சாமான் பட்டியல்கூட இவ்வளவு நீளம் இருக்காது.

"வண்டியில என்ன கோளாறுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாக்கோணும்னு இல்லீங்க. மலை வண்டி, கிலோமீட்டர் ஆயிப்போச்சு. கம்பெனியே செய்யச் சொல்லுதுங்க."

பார்க்க வேண்டியதில்லையாம்! நாடி பிடிக்காமலே மருந்து எழுதுகிற வைத்தியர். ஐயாயிரம் கிலோமீட்டரில்தான் 'பிரேக் பிரித்து சர்வீஸ்' என்று பில் போட்டார்கள். அதற்குள் மறுபடியுமா? வேலை நடக்கும் இடத்துக்குள் நம்மை விடவும் மாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து போன வருஷத்துப் பத்திரிகையைப் புரட்ட வேண்டும். பத்து வேலையை அடித்துவிட்டு ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

12 ஜூன், ஞாயிறு

வண்டியோடு கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பத்தாயிரத்துக்கு என்று போட்டிருக்கும் பக்கத்தில் கரி சுரண்டலும் இல்லை, கருப்புப் பூச்சும் இல்லை. பிரேக்கைப் 'பரிசோதிக்கவும்' என்றுதான் இருக்கிறது. மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன். சாயங்காலம் ஜீப் ஸ்டாண்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஏமாறாதீர்கள் என்று சொன்னேன். ஒருவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

14 ஜூன், செவ்வாய்

என் வேனில் வருவது கொட்டச்சேட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். காலையில் ஏற்காடு பள்ளிக்கூடத்துக்கு ஏற்றம், சாயங்காலம் வீட்டுக்கு இறக்கம். இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டால் வண்டி தானாகப் போகும், பெட்ரோல் மிச்சம். மலையில் ஓட்டுகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாவாயியின் மகள் முத்தாயி இன்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னமோ தீயற நாத்தம் வருதுங்க மாமா."

"எவனோ சருகு கொளுத்தறான் கண்ணு" என்றேன்.

16 ஜூன், வியாழன்

மழை. பிரேக் கொஞ்சம் ஆழமாகப் போகிற மாதிரி இருந்தது. என் காலுக்குத்தான் அப்படித் தோன்றியதோ?

17 ஜூன், வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

கொட்டச்சேட்டுக்கு இரண்டு வளைவு முன்னால் — மிதித்தேன், பிரேக் தரை வரைக்கும் போனது. ஒன்றுமே பிடிக்கவில்லை. பின்னால் பன்னிரண்டு பிள்ளைகள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை முட்டித் தள்ளி, வண்டியை மேட்டுப் பக்க மண்ணில் சாய்த்தேன். நின்றுவிட்டது. இந்தப் பக்கம் மண். அந்தப் பக்கம் — வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

முத்தாயிக்குத் தாடையில் மூன்று தையல். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

அந்த ஷோரூம்காரனை சும்மா உடமாட்டேன். உடவே மாட்டேன்.

18 ஜூன், சனி

ஏற்காட்டில் மெக்கானிக் ஸ்தனிஸ்லாஸ் என் கண்ணெதிரிலேயே சக்கரங்களைக் கழற்றினார். லைனிங் தேய்ந்து தகடு தெரிந்தது. பிரேக் டிரம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பிறகு, இன்னும் பிரிக்காத அடுத்த சக்கரத்தின் டிரம் திருகைக் காட்டினார். "இங்க பாருங்க குழந்தைவேல். கம்பெனியில வெச்ச மஞ்ச பெயிண்டு ஒடையாம அப்படியே இருக்குதுங்க. இதை இதுவரைக்கும் ஒருத்தனும் தொறந்ததில்லை."

பிரித்ததாக பில் போட்டார்களே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அங்கேயே நின்று கத்தினேன். சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொன்னால் வெட்கம். ஆனால் அதுதான் உண்மை — குற்றவாளி கிடைத்துவிட்டான்.

அப்போது அவர் கேட்டார். "எறக்கத்துல நியூட்ரல்ல வுடுவீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

அவர் வண்டியிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். நான் மூடிய பக்கத்துக்கு அடுத்த பக்கம்: மலைப் பாதையில் ஓடும் வண்டிகளுக்குப் பாதி தூரத்திலேயே பிரேக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் கியரை விடவே கூடாது, விட்டால் வண்டியை அடக்கும் பாரம் முழுதும் பிரேக்கின் மேல் விழும். பதினோரு வேலையில் எது தேவை என்றும் சொன்னார். ஆயில், ஏர் பில்டர், பிரேக். மீதி எட்டும் வெட்டி வேலை.

எட்டில் நான் சொன்னது சரி. பிள்ளைகளின் உயிர் மீதி மூன்றில் இருந்தது.

20 ஜூன், திங்கள்

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். நான்கு பக்கம், நல்ல காரசாரம். என் வீட்டுக்காரி வேலம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள்.

"எல்லாஞ் செரிங்க. அந்த நியூட்ரல் சங்கதியையும் எழுதிப்போட்டீங்களா?"

"அவனுக்கு நானே பிடி குடுக்கறதா? நீ யாரு பக்கம்டி?" என்று எரிந்து விழுந்தேன்.

"நானு அந்தப் புள்ளைங்க பக்கமுங்க" என்றாள்.



21 ஜூன், செவ்வாய்

பில்லோடு ஷோரூமுக்குப் போனேன். பஸ்ஸில்தான். மேனேஜர் பெயிண்ட் விஷயத்துக்குப் பதில் சொல்லவில்லை. "மலை டிரைவருங்க எல்லாரும் நியூட்ரல்ல உருட்டுவீங்க, எங்களக் குத்தஞ் சொல்லுவீங்க" என்றார். புகார் கொடுக்காமல் இருந்தால் ஒரு வருஷம் சர்வீஸ் இலவசமாம்.

திறக்காத பிரேக்குக்கு பில் போட்டவன் எனக்கு நியாயம் சொல்கிறான்! அதைவிட எரிச்சல், அவன் சொன்னதில் பொய் இல்லை. எழுந்து வந்தேன். கடிதத்தில் ஐந்தாவது பக்கம் ஒன்று சேர்த்து, என் தப்பையும் எழுதி, சேலம் தபாலாபீஸிலேயே போட்டேன்.

23 ஜூன், வியாழன்

பிரேக் முழுதும் புதிது. முதலில் ஸ்டாண்டில் போய், அன்று புத்தகத்தில் நான் பாதிதான் வாசித்துக் காட்டினேன் என்று சொன்னேன். சிரித்தார்கள். இரண்டு பேர் சிரிக்கவில்லை. பிரேக் பார்க்கத் தங்கள் வண்டியை ஸ்தனிஸ்லாஸிடம் விட்டார்கள்.

பிறகு பன்னிரண்டு வீடும் ஏறி இறங்கினேன். கடைசியாகப் பாவாயி வீடு. காப்பி எஸ்டேட் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஷோரூம்காரன் செய்ததையும் சொன்னேன், நான் செய்ததையும் சொன்னேன்.

"நாத்தம் வருதுன்னு எம்புள்ள சொல்லுச்சுங்களா, இல்லீங்களா?"

"சொன்னா."

"அப்புறமும் எதுக்குங்க அப்படியே ஓட்டுனீங்க?"

ஷோரூம்காரனை என்னென்னவோ கேட்டவன் நான். இப்போது கேள்வி என் பக்கம் திரும்பியிருக்கிறது.

"பள்ளிக்கோடம் உட்டா பஸ்ஸு ஆறரைக்குத்தான். வேற வழியில்லீங்க எனக்கு. நாளைக்கிருந்து நானும் வண்டியில வர்றனுங்க. முன்னால உக்கோந்து அந்தக் கியரப் பாத்துட்டே வருவன். நீங்க அத நியூட்ரலுக்குத் தள்ளுனா, அங்கயே புள்ளையோட எறங்கிக்குவன்."

24 ஜூன், வெள்ளி

பாவாயி மத்தியான பஸ் பிடித்து ஏற்காடு வந்துவிட்டாள். அரை நாள் கூலி போச்சு. வழி முழுதும் கண் கியரிலேயே இருந்தது.

1 ஜூலை, வெள்ளி

இன்றும் வந்தாள். கம்பெனியிலிருந்து பதில் இல்லை. இன்னொரு கடிதம் போட்டேன். விடுகிற எண்ணம் இல்லை.

8 ஜூலை, வெள்ளி

சாயங்காலம் பாவாயி பள்ளிக்கூட வாசலில் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். முத்தாயி தானே முன்கதவைத் திறந்து, அம்மா உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

"அம்மா வரலியா கண்ணு?"

"வேலைக்குப் போயிருச்சுங்க மாமா. இனிமே நீயே பாத்துக்கோன்னு சொல்லுச்சு."

இறக்கம் தொடங்கும் இடத்தில் கியரை மாற்றினேன். தலையைக் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டாவதுதானுங்களா?"

"ரெண்டாவதுதான் சாமி."

கொட்டச்சேடு வரைக்கும் அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.