செசிலிக்கு என் கண்

இயேசு மரி சூசை துணை.

சென்னை, 9-2-1948

அன்புள்ள லூர்துமேரிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையோடு நான் சுகமாக இருக்கிறேன்.

காது மந்தமென்று டாக்டரிடம் போனேன். அவர் கண்ணைப் பார்த்தார். "பெரியவரே, வெள்ளை விழி நீலமா இருக்குதே. சின்ன வயசுல எலும்பு முறிஞ்சுதா?"

மூன்று தடவை என்றேன். இது பரம்பரையாம். சுண்ணாம்பு இருந்தும் கொத்தனார் கலவையைத் தப்பாகக் கற்றதுபோல், எலும்பு உரமாக வளர்வதில்லை. அது என்னிடமிருந்து நம் மகன் அருள்சாமிக்கும், அவன் மகள் செசிலிக்கும் போயிருக்கிறது. பேத்திக்கு என் கண் என்று பெருமைப்பட்டேனே.

அவள் கால் மறுபடி முறிந்தபோது, மருமகள் ராயம்மாள்தான் அடித்தாள் என்று சந்தேகப்பட்டு, கோயில் பீடத்தின் முன் சத்தியம் கேட்டேன். "நான் அடிக்கலை மாமா" என்று சத்தியம் செய்தாள். அப்படியும் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அவளை அனந்தபுரத்துக்கு, தாய்வீட்டுக்கு அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது.

இது கிடைத்த அன்றே செசிலியை அவளிடம் கொண்டுபோ. இந்தக் கடிதத்தை அவள் வீட்டார் எல்லோரும் கேட்கப் படி. சனிக்கிழமை நானும் அங்கே வந்து மன்னிப்புக் கேட்கிறேன். நாரத்தங்காய் ஊறுகாய் எடுத்து வை. இங்கே தனியாகச் சோறு இறங்கவில்லை.

தபால் எடுக்கும் நேரம். பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்காதே. முதுகுக்கு அடியில் உள்ளங்கை கொடு. ராயம்மாள் அப்படித்தான் தூக்குவாள். நான் பார்த்திருக்கிறேன்.

தேவசகாயம்