அப்பாவின் பேன்ட் நீண்ட விவகாரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை என்பதால் நலம் என்றே வைத்துக்கொள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது கீழே வருகிறது, பதறாமல் படி. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பதாக நானும் நம்பிக்கொள்கிறேன்.

எலும்பு உள்ளுக்குள் பொத்தலாகிப் போகும் அந்த நோயைப் பற்றி நீ எழுதிய கட்டுரை மருத்துவ இதழில் வந்ததிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு எலும்பு நிபுணர் கிடைத்திருக்கிறார். உன் அப்பாதான். காலமெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இப்போது பூங்காவில் நடக்கிற பெண்களுக்கெல்லாம் வெயிலில் நில்லுங்கள், கால்சியம் சாப்பிடுங்கள் என்று கற்றுக்கொடுக்கிறார். கட்டுரையை அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். அவர் படித்தது முதல் பத்தியையும், கடைசியில் நீ பெற்றோருக்கு நன்றி சொன்ன வரியையும்தான், இரண்டாவதைப் பலமுறை. எதிர்வீட்டு வக்கீலம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் இப்பெல்லாம் என் முகத்தையே பாக்கறதில்லைங்க, நேரா முதுகுக்குப் போயிடறார்" என்றாள். அவள் தொழிலை நினைத்து நான் அவசரமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இதற்கு நடுவில் அவருடைய பேன்ட்டெல்லாம் தரையைக் கூட்ட ஆரம்பித்தன. தையல்காரருக்குக் கண் போய்விட்டது என்று சண்டை. அந்த மனிதரும் வாடிக்கையாளரை இழக்க மனமில்லாமல், துவைக்கத் துவைக்கத் துணி இழுபடும் சார் என்று ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் மடித்துத் தைத்துக் கொடுத்தார். அடுத்து, காரின் கண்ணாடியை நான் திருப்பி வைத்துவிட்டேன் என்று குற்றச்சாட்டு. அடுத்து, சமையலறை மேல்தட்டைத் தச்சர் ஏற்றி அடித்துவிட்டாராம். உலகம் முழுக்கச் சேர்ந்து அவருக்கு எதிராக வளர்ந்துகொண்டிருந்தது. நான் நூலகத்தில் வேலை பார்த்தவள், அடிக்குறிப்பைக்கூட விடமாட்டேன். முதுகெலும்பு வலியே இல்லாமல் நொறுங்கி அமுங்கும், ஆள் உயரம் குறைவார் என்று நீ மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்ததைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது பொம்பளைங்க வியாதி. உன் மக எழுதினதுல ஒரு ஆம்பளை இருக்கானா, காட்டு" என்றார். தேடினேன். ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் மாதவிடாய் நின்ற பெண்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் வாதத்தில் தோற்றது அன்றைக்குத்தான், அதுவும் உன் புண்ணியத்தில்.

எனக்குத்தான் பரிசோதனை, துணைக்கு வாருங்கள் என்று ஸ்கேன் மையத்துக்கு அழைத்துப்போய் அவரையும் படுக்கவைத்துவிட்டேன். முதலில் உயரம் பார்த்த பெண், அவர் சொன்னதைவிட இரண்டு அங்குலம் குறைகிறது என்றாள். அளவுகோலைப் பழுதுபார்க்கும்படி அவளுக்கு அறிவுரை கிடைத்தது. முதுகில் இரண்டு எலும்புகள், மேலே ஆள் உட்கார்ந்த அட்டைப்பெட்டி மாதிரி அமுங்கியிருக்கின்றன. குளியலறையில் ஒருமுறை வழுக்கினால் இடுப்பு போய்விடும், பிறகு பழைய நடை கிடையாது என்றார் டாக்டர். என் எலும்புகள் வயதுக்கு மீறி உறுதியாம். அதை உன் அப்பா தனக்கு இழைத்த துரோகமாகவே எடுத்துக்கொண்டார்.

வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்கக்கூடாது, காபி கூடாது, அவ்வளவுதான். அட்டை பிரிக்காமல் டிவி பக்கத்தில் கிடக்கிறது. மனிதர் ஏணி போட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவ ஏறுகிறார். கேட்டால், "அவ அடுத்த ஆராய்ச்சியில முதல் ஆம்பளையா என்னைச் சேர்த்துக்கட்டும், அப்புறம் முழுங்கறேன்" என்கிறார். பெற்ற அப்பாவையே ஆராய்ச்சியில் சேர்க்க விடமாட்டார்கள் என்றேன். திறமைக்கு எங்கேயும் மதிப்பில்லை என்றார்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். நேற்றுக் காலை குளித்துவிட்டு வந்தேன். நீங்கள் வளர வளர நான் பென்சிலால் கோடு போட்டுவைத்த அந்த அறைக் கதவு நிலையில் உன் அப்பா முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். தலைமேல் அளவுகோலாக உன் கட்டுரை, பிளாஸ்டிக் உறையோடு. குதிகால் தரையில் இல்லை. நான் சத்தமில்லாமல் குளியலறைக்கே திரும்பிப் போய், அவர் காதில் விழும்படி வாளியை ஒருமுறை உருட்டிவிட்டு மறுபடி வந்தேன். அதற்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலைகீழாக இல்லை, அந்த அளவுக்குச் சாமர்த்தியம் உண்டு. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை போனில் விஞ்ஞானம் பேசாதே, அழவும் அழாதே. உன்னிடம் வருகிற நோயாளியைக் கேட்பதுபோல, எவ்வளவு உயரம் குறைந்திருக்கிறது என்று மட்டும் கேள். அவர் சொல்வதை நீ கம்ப்யூட்டரில் தட்டிக்கொள்கிற சத்தம் அவர் காதில் விழட்டும். அடுத்த வாரம், மாத்திரை போட்ட கிழமையைக் கேட்டு அதையும் தட்டு. ஆராய்ச்சியில் சேர்த்ததாகப் பொய் சொல்ல வேண்டாம். மகள் கேட்டுக் குறித்துக்கொள்வதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த கட்டுரையில் ஆண்களையும் சேர்த்துக்கொள். இதை அம்மாவாகச் சொல்லவில்லை, வாசகியாகச் சொல்கிறேன்.

ஊருக்கெல்லாம் வெயிலைப் பரிந்துரைக்கிற நீ வாரத்தில் ஒருநாளாவது அந்த ஆய்வகத்தை விட்டு வெளியே நில். குனிந்து குனிந்து மைக்ரோஸ்கோப் பார்க்காதே. இருவரும் நீண்ட ஆயுளோடு, நிமிர்ந்த முதுகோடு இருக்க வாழ்த்துகிறேன்.

உன் அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் உயரத்துக்குத் திடீரென்று வந்துவிட்ட,
அம்மா