நாற்பது நிமிடம் உட்கார வேண்டும்

நாள் 23, 07:10
நிலவின் தென்முனை முகாம். ஆட்கள் இருவர்: மெக்கானிக் தில்லைமணியாகிய நான், மண் ஆராயும் செலின். காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. எனக்குத்தான் மூன்று நாளாக வாந்தி. பூமியிலிருந்து டாக்டர் வைகுந்தன் சொன்ன ஊசியைப் போட்டுக்கொண்டேன். மூளையில் டோபமைனைத் தடுத்து வாந்தியை நிறுத்துமாம். நின்றுவிட்டது.

நாள் 24, 09:30
உட்கார முடியவில்லை. வலி இல்லை. காலுக்குள் இருந்து யாரோ "எழுந்திரு, எழுந்திரு" என்று பிடுங்குகிறார்கள். சாப்பிடுவதும் நடந்துகொண்டேதான். டாக்டரிடம் சொன்னேன்.
"அது வெறும் பதற்றம் தம்பி. புது எடம்ல? இன்னொரு ஊசி போட்டுக்குங்க, அடங்கிடும்."
போட்டேன். நானும் ஒரு மடையன்.

நாள் 25, 10:05
பத்து நிமிடத் தொலைவில், பள்ளத்தில் செலினின் வண்டி கவிழ்ந்துவிட்டது. அவள் கால் அடியில் சிக்கியிருக்கிறது. காற்று 12:05 வரைதான்.
நான் வெளியே போக வேண்டும். அதற்குமுன் உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவிலுள்ள கதவறையில் உட்கார்ந்து, முகமூடி மாட்டி, நாற்பது நிமிடம் வெளியே இரத்தத்தில் குமிழி கட்டாமலிருக்கச் சுத்த ஆக்சிஜன் இழுக்க வேண்டும். குழாய் குட்டை. எழுந்தால் கழன்றுவிடும், கணக்கு முதலிலிருந்து. கணக்கு முடியாமல் வெளிக்கதவு திறக்காது; இரு கதவின் பூட்டும் பூமியில் டாக்டர் கையில்.

10:31
பதினோராம் நிமிடத்தில் எழுந்துவிட்டேன். மறுபடி ஏழில். த்தூ!
செலின்: "அண்ணே, கெளம்பிட்டீங்களா?"
கிளம்பிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

10:44
கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். டாக்டர்: "இந்த நெலமைல ஒங்கள வெளிய அனுப்ப முடியாது. மொதல்ல அமைதியா உக்காருங்க."
அடப்பாவி, உன் ஊசிதானடா உட்கார விடவில்லை!

10:52
சரக்கு கட்டும் பெல்ட்டால் தொடைகளை நாற்காலியோடு இறுக்கிக் கட்டிவிட்டேன்.

11:26
முப்பத்துநான்கு நிமிடம். இன்னும் ஆறுதான். கழுத்து தானாக இடப்பக்கம் திருகுகிறது. நான் திருப்பவில்லை, ஊசி திருப்புகிறது. தாடை பூட்டிக்கொண்டது. முகமூடி

11:29
கழன்றுவிட்டது. பூஜ்யம். இப்போது மாட்டினாலும் 12:09.
செலின்: "அண்ணே, வெளிச்சமே தெரியலியே. எந்தப் பக்கமா வர்றீங்க?"
வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

12:50
அவள் குரல் நின்று முக்கால் மணி. அழ வேண்டும், அழுகை வரவில்லை. ஊசி அதையும் அடைத்துவிட்டது.
டாக்டர்: "ரொம்பக் கொந்தளிப்பா இருக்கீங்க தம்பி. மூணாவது ஊசி போட்டாத்தான் உள்கதவத் தெறப்பேன். ஒங்க பாதுகாப்புக்குத்தான்."
கொலைகாரன்.
இந்தக் கதவறையில் நடக்க நான்கு அடிதான் இடம். நான்கு அடி, திரும்பு, நான்கு அடி.

13:20
கதவறை மருந்துப் பெட்டியிலிருந்து மூன்றாவது ஊசியையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். உள்ளே நடக்க நிறைய இடம்